ஹட்டனிலிருந்து காவிரிக் கரைக்கு: ஒன்பது இரவுப் பயணத்தைப் போடும் விதம்

இலங்கை மலையகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகிறார்கள். சென்னையில் இறங்கி ஒரு வேன் பிடிப்பார்கள். ஏழு நாளில் காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, பழனி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். பாதி ஊரை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள், மீதி ஊரில் சாத்திய கதவைப் பார்த்திருப்பார்கள்.

தூரத்தைக் கணக்குப் போட்டவர்கள் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம். அங்குள்ள பெரிய கோயில்கள் பலவற்றில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். 'பதினொன்றரைக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குப் போய்விடலாம்' என்று நினைத்தால், போய் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார வேண்டியதுதான். எனவே காலை ஆறிலிருந்து பதினொன்றுவரை கோயில், பதினொன்றிலிருந்து நாலுவரை பிரயாணம், சாப்பாடு, அரண்மனை, அருங்காட்சியகம், பட்டறை, பிறகு நாலிலிருந்து எட்டுவரை மறுபடியும் கோயில். நாளை இப்படி மூன்றாக வெட்டிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் விழும்.

இங்கே சொல்லும் திட்டம் திருச்சியில் இறங்கி மதுரையில் ஏறுவது. கொழும்பிலிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் இருக்கிறது, பறப்பது ஒரு மணி நேரம் அளவுதான். டிக்கெட் போடும்போது 'போய்வர' என்பதைத் தெரிவு செய்யாமல் 'மல்டி சிட்டி' என்பதைத் தெரிவு செய்யுங்கள். போகும் ஊர் திருச்சி, திரும்பும் ஊர் மதுரை. கட்டணம் கொஞ்சம் கூடினாலும், விமானத்துக்காகத் திருச்சிக்குத் திரும்பி ஓடும் ஒரு முழு நாள் மிச்சம்.

எப்போது போவது

ஹட்டன், நுவரெலியா குளிரில் இருக்கிறவர்களுக்குத் திருச்சி வெயில் ஏப்ரல், மே மாதங்களில் தாங்காது. நாற்பது பாகை செல்சியஸ் சாதாரணம். சித்திரைப் பாடசாலை விடுமுறையில் போகலாம் என்று பேச்சு வந்தால் வீட்டில் வயதானவர்களை முதலில் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை வடகிழக்குப் பருவமழை, காவிரிப் படுகையில் வெள்ளம் நிற்கும் காலம். டிசம்பர் கடைசியில் மழை குறைந்தாலும் ஐயப்ப சாமிமார் கூட்டமும் மார்கழிக் கூட்டமும் சேரும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி அறை கிடைப்பதே கஷ்டம். பொங்கலுக்கு முன்னும் பின்னும் நாலு நாள் பஸ், ரயில் எதிலும் இடம் இருக்காது.

பிள்ளைகளின் படிப்பு தடையாக இல்லையென்றால் ஜனவரி இருபதுக்குப் பிறகு பிப்ரவரி முடியும்வரை நல்லது. காலையில் இதமாக இருக்கும், வயலில் சம்பா அறுவடை நடக்கும். பாடசாலை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஆகஸ்ட். வெயில் இருக்கும். ஆனால் மேட்டூர் அணையைத் திறந்திருந்தால் காவிரியில் தண்ணீர் ஓடும், வயல் பச்சையாக இருக்கும். அணையை ஜூன் 12 அன்று திறப்பதுதான் வழக்கம். தண்ணீர் குறைந்த வருடங்களில் அது தள்ளிப்போகும், செய்தியில் பார்த்துக்கொள்ளலாம்.

விசா: பிழை வரும் இடங்கள்

சுற்றிப் பார்க்கவும் சொந்தக்காரரைப் பார்க்கவும் இ-விசா போதும். திருச்சி, மதுரை, சென்னை விமான நிலையங்கள் மூன்றிலும் இ-விசாவில் இறங்கலாம். கடவுச்சீட்டு இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். விண்ணப்பம் குறைந்தது நாலு நாள் முன்பு போட வேண்டும் என்பது விதி. இரண்டு கிழமை முன்பு போடுவது புத்தி. முப்பது நாள் விசாவுக்கு முப்பது நாளுக்கு மேல் முந்திப் போடவும் முடியாது.

இந்திய அரசின் தளத்து முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். கூகுளில் தேடினால் மேலே வருவதில் பல, தரகர் தளங்கள். அரசின் தளம் போலவே தோற்றம் காட்டி இரண்டு மூன்று மடங்கு காசு வாங்குவார்கள். முகவரியின் கடைசியைப் பார்க்காமல் அட்டை இலக்கத்தை அடிக்க வேண்டாம்.

நம் ஆட்களுக்கு அதிகம் தடங்கல் வருவது பெயரில். அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பது பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருக்கும். எழுத்துக்கூட்டலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதியவர் கைப்பட்டபடி இருக்கும். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் கணக்கில் எடுப்பது கடவுச்சீட்டு ஒன்றைத்தான். அதில் 'குடும்பப் பெயர்' என்ற இடத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே அந்தக் கட்டத்தில் போடுங்கள், வீட்டில் கூப்பிடும் வரிசையை மறந்துவிடுங்கள். படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் அம்புக்குறி போல் அடையாளங்களோடு ஓடும் எழுத்தைப் பார்த்து அடித்தால் பிழை வராது. அதிலேயே கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கும். பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றி அடிப்பது அடுத்த பிழை.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி போடாமல் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக 300 கேபிக்குள் ஏற்ற வேண்டும். போனில் எடுத்த படத்தை அப்படியே மாற்றினால் அளவு கூடும், சுருக்கினால் எழுத்து மங்கும். டவுனில் கொமியுனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணிக்கொள்வதே லேசு. படிவத்தில் இந்தியாவில் ஒருவர், இலங்கையில் ஒருவர் என்று தொடர்புக்கு இரண்டு பெயர், முகவரி, போன் இலக்கம் கேட்பார்கள். அங்கே யாரும் இல்லையென்றால் முதல் இரவு தங்கும் ஹோட்டலைப் போடலாம். பணம் கட்டும்போது அட்டை மறுக்கப்பட்டால், வங்கிக்குப் போன் பண்ணி வெளிநாட்டு இணையக் கட்டணத்துக்கு அட்டையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

அனுமதி வந்ததும் காகிதத்தில் அச்செடுங்கள். போனில் இருந்தால் போதும் என்று விடாதீர்கள். இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம்.

தங்குவது, போன், காசு

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்ற பதிவை ஹோட்டல்காரர் இணையத்தில் செய்ய வேண்டும். சின்ன லொட்ஜுகளுக்கு இந்த வசதி இருப்பதில்லை. நம்மைத் தமிழில் பேசவிட்டு, இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் 'ரூம் இல்லைங்க' என்பார்கள். இரவு பத்து மணிக்கு அதைக் கேட்பதைவிட, முன்பதிவு செய்த உடனே போன் பண்ணி 'இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா' என்று கேட்டு முடித்துவிடுங்கள். இதே பதிவு சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் கட்டாயம். வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன சித்தப்பா வீடுதானே என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டு, பொலிஸ் விசாரிக்க வந்தால் சங்கடம் அவருக்குத்தான்.

சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசா நகல், படம் மூன்றும் வேண்டும். உயிர் வர சில மணி நேரம், சில வேளை ஒரு நாளும் ஆகும். அதுவரை கையில் ரோமிங் இருக்கட்டும், வங்கி ஓடிபி உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும்.

இலங்கை ரூபாயை அங்கே மாற்ற அலையாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் காட்டி இங்கேயே வங்கியில் டொலர் எடுத்துக்கொண்டு போய் அங்கே மாற்றுவது நேர்வழி. டீக்கடையிலிருந்து பூக்கடைவரை அங்கே போனிலேயே காசு கட்டும் யூபிஐயில்தான் ஓடுகிறது. அது உங்களிடம் இருக்காது, ஆகவே சில்லறை வேண்டும். காசு மாற்றும் இடத்திலேயே நூறு ரூபாய்த் தாளாகப் பாதியை வாங்குங்கள். ஐந்நூறு ரூபாயை நீட்டினால் ஆட்டோக்காரர் இறங்கிப் போய் மாற்றிவரச் சொல்வார்.

இன்னொரு சின்ன விஷயம். நம் வீட்டுச் சதுர முனைச் சார்ஜர் அங்கே செருகாது, உருண்டை முனை அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை, இரண்டு நாட்டிலும் ஒரே நேரம்.

ஒன்பது இரவும் நாலு ஊரும்

திருச்சியில் இரண்டு இரவு, கும்பகோணத்தில் மூன்று, காரைக்குடியில் இரண்டு, மதுரையில் இரண்டு. ஒவ்வோர் இரவும் ஊர் மாறினால் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

திருச்சியில் முழுதாகக் கிடைப்பது ஒரே நாள். காலை ஆறரைக்கே ஸ்ரீரங்கம். ஏழு திருச்சுற்றில் வெளிச் சுற்றுகள் வீடும் கடையுமான தெருக்கள். அவற்றை எந்த நேரத்திலும் நடந்து பார்க்கலாம் என்பதால் முதலில் உள்ளே போய்விடுங்கள். 236 அடி தெற்கு ராஜகோபுரம் 1987இல் முடிந்தது, மற்றவை பழையவை. அங்கிருந்து திருவானைக்காவல் பக்கம்தான், பதினொன்றுக்குள் இரண்டையும் முடிக்கலாம். மலைக்கோட்டைக்கு மாலை ஐந்து மணி. படி நானூறுக்கு மேல். பாதிவரை பாறைக்குள்ளே நிழலில் போகும், அதற்கு மேல் திறந்த பாறை. தேயிலை மலை ஏறிப் பழகிய கால்களுக்கு ஏற்றம் ஒன்றுமில்லை, சூடுதான் படுத்தும்.

மறுநாள் பகலில் தஞ்சாவூருக்கு. ஐம்பது கிலோமீற்றர்தான், ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரம் சொச்சம். பகல் நேரத்தை அரண்மனையில் செலவிடுங்கள். அங்கே கலைக்கூடத்துச் சோழர் வெண்கலங்களை ஆற அமரப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும், பலர் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாலு மணிக்குப் பெரிய கோயில். ராஜராஜன் 1010இல் முடித்த கோயில். வெயில் சாயச் சாய விமானத்தின் நிறம் மாறுவதால் ஆறுமணிவரை இருந்தே ஆக வேண்டும். முற்றம் முழுவதும் கல் பாவியது, செருப்பு வாசலிலேயே கழற்ற வேண்டும். நாலு மணிக்கும் அந்தக் கல் சுடும். விரித்திருக்கும் பாயை விட்டு இறங்காமல் நடங்கள், பிள்ளைகளுக்குத் தடித்த பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கும்பகோணம்.

கும்பகோணத்தில் ஒரு நாளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வையுங்கள். ராஜேந்திரன் கட்டியது, தஞ்சைக் கோயில் போல் கூட்டம் இருக்காது. போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து கிலோமீற்றர். காலை ஏழுக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பி, நடைசாத்திய நேரத்தில் சுவாமிமலைப் பட்டறைகளைப் பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைப்பதால் இரண்டு சிலை அச்சடித்தாற்போல் இருக்காது. நாலு மணிக்குத் தாராசுரம், கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீற்றர். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், சிற்பங்கள் பல விரல் அளவுக்குச் சிறியவை, ஆதலால் வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டும். இந்த மூன்று இடத்துக்கும் சேர்த்து உள்ளூர் டாக்சியை 'எட்டு மணி நேரம், எண்பது கிலோமீற்றர்' கணக்கில் பேசினால் தூரம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கும், நேரம்தான் எட்டைத் தாண்டும். அடுத்த நாளை ஊர்ப் பக்கத்திலேயே கழியுங்கள். திருபுவனத்துப் பட்டுத் தறி, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை, வயல் ஓரம் ஒரு நடை.

கும்பகோணத்திலிருந்து காரைக்குடிக்குப் போகும் நாளில்தான் வெளியூர்க் கார் தேவை. அங்கே இப்படிக் கணக்குப் போடுவார்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீற்றருக்குக் காசு, ஓட்டுநருக்குப் பேட்டா தனி, சுங்கச்சாவடியும் பார்க்கிங்கும் தனி. நீங்கள் காரைக்குடியில் இறங்கிவிட்டாலும் வெறும் கார் திரும்பும் தூரம் உங்கள் கணக்கில்தான். போவது 150, திரும்புவது 150, சுற்றியது கொஞ்சம் என்று முந்நூறைத் தாண்டும். இதைக் கேட்காமல் கிலோமீற்றர் விலையை மட்டும் பேசிவிட்டு இறங்கும்போது சண்டை போடுவதில் பயனில்லை. ஏறுமுன் மீற்றரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழியில் சித்தன்னவாசல் குகை ஓவியமும் திருமயம் கோட்டையும் வரும். இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் கையில் இருப்பவை. அவர்களின் டிக்கெட் இடங்களில் இலங்கையும் சேர்ந்த சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே. சாளரத்தில் இருப்பவர் 'வெளிநாட்டவர்' என்று பெரிய தொகை கேட்டால், கடவுச்சீட்டைக் காட்டி, பலகையில் அந்த வரியைச் சுட்டிக்காட்டுங்கள். நகல் போதாது, அசலை வைத்திருங்கள்.

காரைக்குடிப் பக்கத்தில் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் போதும். செட்டிநாட்டு வீடுகள் பல பூட்டியிருக்கும், சில வீட்டில் காசு வாங்கிக்கொண்டு முன்பகுதியை மட்டும் காட்டுவார்கள். ஏமாற்றமாக இருந்தால் ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைக்குப் போங்கள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவச்சை இறக்கி, கரண்டியால் வண்ணச் சீமெந்துக் கூழை ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும், கைப்பழக்கம் அங்கேதான். மேலே மணலும் சீமெந்தும் தூவிக் கலவையால் மூடி, சட்டத்தை எடுத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி கழன்று வரும்போது ஓட்டின் முகம் பளபளக்கும். வாங்க ஆசை வரும். ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம், விமானப் பெட்டியில் எடையை ஓடே தின்றுவிடும்.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வரிசை நிற்கும், எனவே அறையிலேயே வைத்துவிட்டுப் போவது மேல். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடத்தைப் போகும்போதே பேசிவைக்க வேண்டும், 'பொற்றாமரைக் குளத்துப் படி' என்றால் எல்லாருக்கும் விளங்கும். அரைக்காற்சட்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள். பகல் நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகாலும், 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் இருக்கின்றன. மதுரையில் பஸ் நிலையம் ஒன்றல்ல. காரைக்குடி, திருச்சிப் பக்கம் மாட்டுத்தாவணி, திண்டுக்கல், தேனிப் பக்கம் ஆரப்பாளையம்.

நீலகிரியில், கூடலூரிலோ கோத்தகிரியிலோ சொந்தக்காரர் இருந்தால் அதை இந்தப் பயணத்தில் சொருகாதீர்கள். போகவே ஒரு நாள், வாகனத்துக்கு இ-பாஸ் வேறு. அது தனிப் பயணம்.

பூர்வீக ஊரைத் தேடுவதானால்

பலருக்குக் கோயிலைவிட இதுதான் ஆசை. 'தாத்தாவுக்குத் திருச்சி ஜில்லா' என்ற ஒரு வரியோடு போனால் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஜில்லாக்கள் உடைந்துவிட்டன. திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பிரித்து 1974இல் புதுக்கோட்டை, திருச்சியிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும், சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல், மதுரையிலிருந்து 1985இல் திண்டுக்கல், ராமநாதபுரத்திலிருந்து அதே 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் வந்தன. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பழைய பிரஜாவுரிமைப் பத்திரம், இந்தியக் கடவுச்சீட்டு, இங்கிருந்து போனவர்கள் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் எடுத்து மூன்று சொற்களைத் தேடுங்கள்: கிராமம், தாலுகா, தபால் நிலையம். புதூர் என்றும் மேலப்பட்டி என்றும் எத்தனையோ ஊர் இருக்கின்றன, தபால் நிலையத்தின் பெயர்தான் பிரித்துக் காட்டும். அதை இந்தியத் தபால் துறையின் பின்கோடு தேடலில் போட்டால் இன்றைய மாவட்டம் வரும்.

காகிதம் ஒன்றுமே இல்லையென்றால் வீட்டில் மூத்தவரிடம் குலதெய்வத்தின் பெயரையும், அது இருக்கும் இடத்தையும் கேளுங்கள். ஆள் பெயரை ஊரில் மறந்திருப்பார்கள், சாமியையும் பங்காளி வகையறாவையும் மறப்பதில்லை. தென்மாவட்டங்களில் மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுவார்கள். பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் வரும் அந்த நாளை ஒட்டித் தேதி போட்டால் ஒரே இடத்தில் எல்லாரையும் பார்க்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் என்றால் காரைக்குடியிலிருந்து, கரூர், பெரம்பலூர், நாமக்கல் என்றால் திருச்சியிலிருந்து ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். போனதும் சொத்து விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வருவது சகஜம். நிலத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நம்ம ஊர்த் தேயிலை அரைக் கிலோ பொட்டலம் நாலைந்து கொண்டுபோனால் பேச்சுத் தொடங்க வசதி.

போகும் நாள், திரும்பும் நாள்

பறக்கும் நேரத்தைவிட ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகும் நேரம் பல மடங்கு. கினிகத்தேனை, கித்துல்கல வழியில் மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் பாதை மணிக்கணக்கில் மூடியிருக்கும். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இன்னும் தூரம். காலை விமானம் என்றால் முந்திய நாள் மத்தியானமே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்குவது, தவறவிட்ட டிக்கெட்டைவிட மலிவு. விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு உள்ளே இருங்கள், ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுண்டரை மூடிவிடுவார்கள்.

திரும்பும்போது மூன்று கவனம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விளக்கோ சிலையோ வாங்கினால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை இந்தியாவிலிருந்து கொண்டுவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதிய சிலை என்றாலும் பட்டறையின் பில்லைக் கைப்பையில் வையுங்கள். மல்லிகைக் கன்று, மாங்கொட்டை, விதை, மண் எதையும் பெட்டியில் போடாதீர்கள், கட்டுநாயக்காவில் அவை சுங்கத்தைத் தாண்டாது. கல்யாணத்துக்கென்று ஒரே மாதிரிச் சேலை இருபது முப்பது வாங்கினால் வியாபாரச் சரக்கு என்று வரி கேட்பார்கள். அவற்றைக் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெட்டியிலும் பிரித்துப் போட்டாலும், பில்களை ஒரே ஆள் கையில் வைத்திருக்க வேண்டும்.